உழிச்சிலும் தொக்கணமும்: திருவனந்தபுரம் வழியே ஒரு சொல் வரலாறு

உடலைக் கையால் நீவியும் அழுத்தியும் பிடித்தும் நலம் செய்யும் தொழிலுக்கு இன்று தமிழ் எழுத்தில் பெரும்பாலும் வழங்கும் பொதுப்பெயர் ‘மசாஜ்’ என்பதாகும். உழிச்சில், திருமல், தொக்கணம், தடவுமுறை, பிடித்துவிடுதல் என்று இடந்தோறும் மரபுதோறும் வேறுபட்டு நின்ற பெயர்களை இவ்வொரு சொல் மூடிக்கொண்டது. பெயர் மாறினால் பொருள் மாறுமா என்று கேட்கலாம். இத்தொழிலைப் பொறுத்தவரை மாறும் என்றே கூறவேண்டும். எங்கே தொடலாம், எவ்வளவு அழுத்தலாம், யாரைத் தொடலாகாது என்னும் வரையறைகளுட் பெரும்பகுதி பழைய சொற்களுக்குள்ளேயே பொதிந்திருந்தது. சொல்லை மட்டும் பெயர்த்து வரையறையைக் கைவிடும் மொழிபெயர்ப்பு, படிப்பவரின் உடலுக்கே ஊறு செய்யக்கூடும்.

இதனை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களமாகும். திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாற்றப்பட்டது. பத்மநாபபுரமோ இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும்வரை தமிழ் பேசிய ஆசான்களும் மலையாளம் பேசிய வைத்தியர்களும் ஒரே அரசின் குடிகளாக இருந்தனர். வடமொழி மருத்துவம் பயிற்ற 1889இல் தொடங்கப்பெற்ற ஆயுர்வேதப் பாடசாலையும் இந்நகரிலேயே அமைந்தது. இவ்வாறு மும்மொழிக் கலைச்சொற்கள் ஒரே உடலின்மேல் வந்து கூடிய ஊர் இது.

உழிச்சில்

உழியுக என்னும் மலையாள வினைக்கு நீவுதல், தடவுதல் என்பன முதற்பொருள். கண்ணேறு கழிப்பதற்காக ஒரு பொருளைத் தலையைச் சுற்றி எடுத்தலும் அவ்வினையாலேயே குறிக்கப்பெறும். ‘உழிஞ்ஞுவெக்குக’ என்ற தொடர் ஒன்றற்கெனத் தன்னை ஒப்படைத்தலைக் குறிக்கும். தடவுதல், தீங்கு நீக்குதல், ஒப்படைத்தல் என்னும் மூன்றும் ஒரு வினையைச் சூழ்ந்து நிற்பது தற்செயல் எனத் தள்ளிவிடத்தக்கதன்று. தமிழில் ‘உழிதருதல்’ என்பதிற் காணும் உழி, சுழன்று திரிதல் என்ற பொருளது. இவ்விரண்டையும் ஒருவேரிற் சேர்ப்பதா வேண்டாவா என்பது வேற்றாய்வுக்கு உரியது.

சொல்லின் ஈறும் கருதத்தக்கது. எரிச்சல், காய்ச்சல், மேய்ச்சல், விளைச்சல் எனத் தமிழ் -ச்சல் ஈற்றால் தொழிற்பெயர் ஆக்கும் இடங்களில் மலையாளம் -ச்சில் ஈற்றையும் ஆள்கின்றது. கரச்சில், பிழிச்சில், உழிச்சில் என்பன அவ்வகையின. எண்ணெயில் துணியைத் தோய்த்து உடல்மேற் பிழியும் சிகிச்சையே பிழிச்சில். தமிழன் இச்சொல்லைக் கேட்டவுடன் பொருள் உணர்வான். உழிச்சிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆதலின் அதனை மொழிபெயர்க்கப் புகுவோர் விரைந்து ‘மசாஜ்’ என்று எழுதிவிடுகின்றனர்.

உழிச்சிலின் முதல் இருப்பிடம் மருத்துவமனையன்று, களரியேயாகும். வடக்கன் களரியை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தோருள் கோட்டைக்கல் கணாரன் குருக்களும் அவர்தம் மாணாக்கர் தலைச்சேரி சி. வி. நாராயணன் நாயரும் குறிப்பிடத்தக்கவர். நாராயணன் நாயரின் மகனார் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சி. வி. என். களரியை நிறுவினார். தென் வட்டங்கள் தமிழகத்துக்குப் பிரிந்த அதே ஆண்டில் வடமலபார் மரபு தலைநகருக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் பிலிப் சாரிலி 1976 முதல் இங்குப் பயின்று, 1998இல் வெளியிட்ட நூலின்வழி இம்மரபை உலகறியச் செய்தார்.

களரியில் உழிச்சில் பயிற்சியின் ஓர் உறுப்பு. கர்க்கடக மாதத்தில், அதாவது தமிழர் ஆடி எனக் கொள்ளும் மழைக்காலத்தில், மாணாக்கர் உடலில் எண்ணெய் பூசிக் குருக்கள் உழிவார். உடல் வெம்மையேறித் தசை இளகிய பின்னரே அழுத்தம் கூடும். ‘சவிட்டி உழிச்சில்’ என்பது காலால் செய்வது. மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, கீழே படுத்திருப்பவர்மேல் குருக்கள் தம் பாதத்தை நெடுக ஓட்டுவார். சவிட்டு என்பதற்கு மிதி என்பது பொருள். குமரி மாவட்டப் பேச்சுத் தமிழிலும் இவ்வினை வழக்கில் உண்டு. ஆயின் ‘மிதித்துத் தடவுதல்’ என்று பெயர்த்தால் கயிறு மறைந்துபோகும். உடற்பாரம் முழுதும் கீழிருப்பவர்மேல் இறங்காமல் காப்பது அக்கயிறே. கைவலிமையாற் பாரத்தைத் தாங்கி, காலால் அளந்து இறக்குவதே இதன் நுட்பம். கயிற்றைக் குறிப்பிடாத விளக்கம் குறையுடைய விளக்கம் மட்டுமன்று, தீங்குடைய விளக்கமும் ஆகும்.

தொக்கணம்

சித்த மருத்துவ நூல்கள் இத்தொழிலைத் தொக்கணம் என வழங்கும். அதன் வகை ஒன்பது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். ஒன்பதும் அன்றாடத் தமிழ் வினைகள். விளக்கவுரையின்றி எந்தத் தமிழரும் உணர்வர். அவற்றின் சிறப்பும் சிக்கலும் அதுவே. பொதுவழக்கில் பிடித்தலுக்கும் இறுக்கலுக்கும் உள்ள வேறுபாடு சினத்தின் அளவு. தொக்கணத்தில் அவை வெவ்வேறு கைவினைகள். ஒன்று செய்யவேண்டிய இடத்தில் மற்றது செய்யலாகாது. எளிய சொல் கலைச்சொல்லாகும்போது அதன் பொதுப்பொருள் உடன் ஒட்டிக்கொண்டே வரும். இவ்வுண்மையைச் சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் நன்கறிவர்.

ஐரோப்பிய மரபிலும் இதனை ஒத்த ஒரு நிலை உண்டு. உடற்பயிற்சி முறையால் புகழ்பெற்ற சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் (1776-1839) பெயராலேயே ‘சுவீடிஷ் மசாஜ்’ இன்றும் அறியப்படுகின்றது. ஆயினும் அதில் வழங்கும் எஃப்ளராஜ், பெட்ரிசாஜ், டாப்போட்மான் முதலிய பிரெஞ்சுப் பெயர்களை நிலைநிறுத்தியவராகக் கருதப்படுபவர் டச்சு மருத்துவர் யோகன் மெட்ஸ்கர் (1838-1909). மாவு பிசைதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையே பெட்ரிசாஜ் என்பதன் அடி. இவற்றுக்கு வருடல், பிசைதல், தட்டல் என நிகரன் காண்பது எளிது. தொக்கணத்தின் முறுக்கல், மல்லாத்தல், கட்டல் ஆகியவற்றை அப்பிரெஞ்சுப் பட்டியலில் ஏற்ற இடமில்லை. மூட்டையே திருப்பியும் உடலையே புரட்டியும் செய்யும் இவை, தோல்தசை அளவில் நின்றுவிடும் தொழில்கள் அல்ல. ஒன்பதையும் ‘மசாஜ்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிய பாடநூலைப் படிப்பவர், கழுத்தை முறுக்குவதையும் முதுகை வருடுவதையும் ஒரே அளவு இடருடையனவாகக் கருத இடமுண்டு.

ஒரு சொல் தன் தொழிலையே மறந்துபோவதும் உண்டு. அழுத்து என்னும் பொருளுடைய இந்துஸ்தானி ஏவல்வினை ஒன்று ஆங்கிலத்திற் புகுந்து ‘ஷாம்பூ’ ஆயிற்று. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது (1759-1851) இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளிப்பகம் நடத்தி, அரசர்க்கே ‘ஷாம்பூ செய்யும் மருத்துவர்’ எனப் பெயர்பெற்றார். அக்காலத்தில் ஷாம்பூ என்றால் உடல் பிடித்துவிடுதல். இன்று அது தலைக்கு நுரை.

வர்மமும் மர்மமும்

மொழிபெயர்ப்பாளர் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய இடம் இது. சுசுருத சம்ஹிதை உடலில் 107 மர்மங்களைக் கூறி, அடிபட்டால் நேரும் விளைவை வைத்து அவற்றை ஐந்தாகப் பகுக்கும்: உடனே உயிர்போக்குவன 19, நாட்சென்று உயிர்போக்குவன 33, தைத்ததைப் பிடுங்கியவுடன் உயிர்போக்குவன 3, ஊனமாக்குவன 44, நோவு தருவன 8. தென்திருவிதாங்கூர் ஆசான்களின் தமிழ்ச் சுவடிகளோ படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பன. வடசொல்லான மர்மம் இவர்கள் வழக்கில் வர்மம் ஆயிற்று. மிஞ்சு - விஞ்சு, முழுங்கு - விழுங்கு என்பனபோல மகரமும் வகரமும் மொழிமுதலில் மயங்குவது தமிழுக்குப் புதிதன்று.

இடர் ஒலியில் இல்லை, பொருளில் உள்ளது. மலையாளத்தில் ‘மர்ம சிகிச்ச’ என்றால் உயிர்நிலைகளைக் கருதிச் செய்யும் மருத்துவம். இன்றைய தமிழில் மர்மம் என்பது மறைபொருள், புரியாப் புதிர். ‘மர்ம உறுப்பு’ எனில் பிறப்புறுப்பு. கேரளச் சிகிச்சையகத்தின் விளக்கத்தாளில் உள்ள மர்மம் என்னும் சொல்லைத் தமிழில் அப்படியே இட்டால், படிப்பவர் ஒன்று அஞ்சுவார், அன்றித் தவறாகக் கருதுவார். இங்கு ‘வர்மம்’ என்பதே சரியான நிகரன். அது தமிழுக்கு உரியதாகவே முன்னமே ஆகிவிட்டது. ‘சுக சிகிச்ச’ என்பதும் இத்தகையதே. மலையாளச் சுகம் முதன்மையாக உடல்நலம். தமிழிலும் அப்பொருள் உண்டெனினும், விளம்பரத் தாளில் ‘சுக சிகிச்சை’ என்று அச்சானால் அதன் மற்றைப் பொருளே முந்தி நிற்கும்.

வர்ம நூல்களின் அளவைச் சொற்களும் மொழியியலாருக்குச் சுவையூட்டுவன. அழுத்தும் விசையை அவை மாத்திரையால் அளக்கும். முழு மாத்திரை, முக்கால், அரை, கால் என்பன படிநிலைகள். குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரையும் கற்ற மாணவர்க்கு இது பழகிய கணக்கு. இலக்கணத்தில் கண்ணிமைப்பும் கைந்நொடிப்பும் அளவாக நிற்கும் காலக்கூறு, வர்மத்தில் விரலின் விசைக்கூறு ஆகிறது. அளவு மிகின் தாக்குதல், குறையின் மருத்துவம் என்னும் எல்லை இச்சொல்லில் அடங்கியுள்ளது. இன்றைய வாசகர்க்கோ மாத்திரை என்பது விழுங்கும் மருந்து! ‘கால் மாத்திரை கொடுக்க’ என்ற அறிவுரையைப் புதுப்பதிப்பில் விளக்கமின்றி விடுதல் பொறுப்பாகாது. புள்ளிகளின் இடத்தை விரற்கடையால் அளக்கும்போதும் நோயாளியின் விரலே அளவுகோல். அதனை அங்குலமாக மாற்றினால் குழந்தைக்கும் மல்லனுக்கும் ஒரே இடம் என்று ஆகிவிடும். தவறுதலாக வர்மம் கொண்டவரை மீட்க அடங்கல், இளக்குமுறை எனத் தனிச்சொற்கள் உள்ளன. ஊறு விளைந்தால் அதனை மாற்றும் வழியையும் கற்றவனே தொடத் தகுதியுடையவன் என்பது ஆசான் மரபின் கொள்கை.

தொடப்படுபவர்

யாரைத் தொடலாகாது என்பதிலும் மரபு தெளிவாகவே இருந்தது. கேரள வைத்தியர்கள் முதன்மையாகப் போற்றும் அஷ்டாங்க ஹிருதயம் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லும். தலை, காது, பாதம் ஆகியவற்றைச் சிறப்பாகக் கவனிக்கச் சொல்லும். உடனேயே கபம் மிக்கவர், உடற்சுத்திச் சிகிச்சை செய்துகொண்டவர், அஜீரணம் உடையவர் ஆகியோரை விலக்கிவிடும். இன்று அஜீரணம் என்பது கடைமருந்தில் தீரும் சிறு தொல்லை. நூலில் அது தடைச்சொல். இக்காலப் பயிற்சி நூல்கள் இதனோடு காய்ச்சல், எலும்பு முறிவு, தொற்றுத் தோல்நோய், இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்ளுதல் முதலியவற்றைச் சேர்க்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வெம்மையும் நோவும் காணின் அங்கே உள்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அதனைப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரை வாங்கக்கூடும். ‘கால்வலிக்கு நன்கு பிடித்துவிடுக’ என்ற பொதுவாசகம் எவ்வளவு இடருடையது என்பது இதனாற் புலனாகும்.

தொடப்படுபவரைக் குறிக்கும் பெயரும் மாறி வந்துள்ளது. களரியில் அவர் சீடர், வைத்தியசாலையில் ரோகி. 1980களுக்குப் பின் கோவளக் கடற்கரையில் விருந்தினர் ஆனார். நகர நிலையங்களில் வாடிக்கையாளர் ஆனார். சீடரின் உடலை ஆண்டுக்கணக்கில் குருக்கள் அறிவார். வைத்தியர் நோய் வரலாற்றைக் கேட்டறிவார். ஒரு மணி நேரத்திற்கு வரும் வாடிக்கையாளரைப் பற்றி எதுவும் தெரியாது. கேட்டாலன்றி அறிய வழியில்லை. முன்கேள்வித் தாளும் ஒப்புதலும் இத்தொழிலில் புகுந்தமைக்குக் காரணம் இதுவே. அத்தாளின் மொழி நோயாளிக்கு விளங்குமாறு அமையாவிடின் அவர் இடும் கையொப்பத்திற்குப் பொருளில்லை.

இத்தகைய நெருக்கடியை இங்கிலாந்து முன்னரே கண்டது. மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைப் பிரித்தானிய மருத்துவ இதழ் 1894இல் வெளிப்படுத்தியபோது, நான்கு பெண்கள் அதே ஆண்டில் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கத்தை அமைத்தனர். மருத்துவரின் வழிகாட்டலின்றித் தொழில் செய்வதில்லை என்பது அவர்கள் விதிகளுள் ஒன்று. அச்சங்கமே பின்னர் இயன்மருத்துவச் சங்கமாக வளர்ந்தது. வளரும்போது தன் பெயரிலிருந்து மசாஜ் என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. கேரளச் சுற்றுலாத் துறையும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுர்வேத நிலையங்களுக்குக் ‘கிரீன் லீஃப்’, ‘ஆலிவ் லீஃப்’ எனத் தரமளித்தது. தகுதிபெற்ற மருத்துவர் மேற்பார்வை வேண்டும், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே உழிய வேண்டும் என்னும் நெறிகள் அதில் இடம்பெற்றன. களரிகளும் வைத்தியசாலைகளும் எழுதாமலே வைத்திருந்த வரம்புகளை அரசு எழுத்தில் வைக்க நேர்ந்தது எனலாம்.

கைத்தொழிலாளரின் பெயரும் இதற்கேற்ப மாறியது. கேரளத்தில் இன்று சான்றிதழ் பெற்று வருபவர் ஆயுர்வேத ‘தெரபிஸ்ட்’. குருக்கள், ஆசான் என்னும் பெயர்கள் கற்பித்தலையும் உடன் குறித்தன. உழிச்சில்காரர், தடவுகாரர் என்பன கையின் வினையைக் குறித்தன. தெரபிஸ்ட் என்பது இவ்விரண்டையும் சுட்டாது, மதிப்பை மட்டும் சுட்டும். அம்மதிப்பு அத்தொழிலாளர்க்குத் தேவையானதே. தமிழில் அதற்கு நிகராகச் ‘சிகிச்சையாளர்’ என்று எழுதுவோர், பாடத்திட்டத்தை மொழிபெயர்க்கையில் மாத்திரை, விரற்கடை, அடங்கல் ஆகியவற்றை இருந்தவாறே வைத்து அவற்றுக்குக் குறிப்பெழுதுதல் தகும்.