உயர்தர வகுப்பும் வேதியியற் சொல்லாக்கமும்

தமிழிற் கலைச்சொல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சொற்பட்டியல்களையும் அவற்றைத் தொகுத்த குழுக்களையுமே சான்றாகக் கொள்வர். ஆயின், பட்டியலில் ஏறிய சொற்களெல்லாம் வழக்கில் நிலைபெற்றில என்பது யாவரும் அறிந்தது. சொல் எவ்விடத்து நிலைபெறுகின்றது? பள்ளியின் உயர்தர வகுப்பிலே என்பது எம் விடை. இலங்கைப் பள்ளிகளில் வேதியியல் தமிழிற் பயிலப்பட்ட வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு நிறுவ முயல்வாம்.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர். அவர்தம் முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் வெளிவந்தது. அயற்சொல்லுக்கு அம் ஈறு தந்து தமிழ்ப் பெயராக்கிய இம்முயற்சி துணிவுடையது. எனினும் அச்சொல் இன்று ஒரு நூற்பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது. இது சொல்லின் குறையன்று. அதனை ஆண்டுதோறும் ஓதியும் எழுதியும் வரும் மாணவர் கூட்டம் தொடர்ந்து அமையாமையே காரணமெனக் கருதுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டில் முயற்சிகள் பெருகின. 1916 இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் கண்டனர். 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். அடிகள் தாமே அறிவியல் பயின்று யாழ்ப்பாணத்தில் அறிவியலாசிரியராக விளங்கியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வுழைப்புகளின் பயன் பெரிது. ஆயினும் சொற்களை நாள்தோறும் உரைத்துப் பார்க்கும் உரைகல் அப்பொழுது வாய்க்கவில்லை.

அவ்வுரைகல் இலங்கையில் வாய்த்தது. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வின் இடத்தை 1964 முதல் கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்வு பெற்றது. தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கும் பரவ, வேதியியலும் தமிழில் எழுதப்படும் பாடமாயிற்று. மருத்துவம் விழைவார்க்கும் பொறியியல் விழைவார்க்கும் இப்பாடம் பொது. ஆதலின் அறிவியல் பயிலும் மாணவருட் பெரும்பாலோர் இச்சொற்களைத் தவறாது கைக்கொள்ள வேண்டியவராயினர்.

இனி அச்சொற்களின் யாப்பை நோக்குவாம். ஆக்சிஜன் எனத் தமிழகம் வழங்குவதனை ஈழத்தார் ஒட்சிசன் என்பர். ககர மெய்யின்பின் சகரம் மயங்குதற்குத் தொல்காப்பிய நூன்மரபு இடந்தாராது. டகர மெய்யின்பின் மயங்குதற்கு இடந்தரும். கட்சி, காட்சி என்பவற்றோடு ஒட்சிசனும் ஒருங்கு நிற்கின்றது. எலக்ட்ரான் இலத்திரன் ஆயிற்று. சித்திரம் என்பதன்கண் உள்ள ஒலியமைதியே இதன்கண்ணும் உளது. ஐதரசன், நைதரசன் என்பனவும் இவ்வழியின. வடசொல்லை ஏற்குங்கால் வடவெழுத்தை நீக்குக எனத் தொல்காப்பியர் வகுத்த நெறி, ஈண்டு மேனாட்டுச் சொற்கும் நீட்டிக்கப்பட்டதெனலாம்.

எல்லாம் இலக்கணத்தின்பாற் பட்டன என்று கூறுதல் மிகையாகும். கார்பன் என்பது காபன் ஆயிற்று. ரகர மெய்யின்பின் பகரம் மயங்குதலை இலக்கணம் விலக்கவில்லை. ஆங்கிலேயர் அச்சொல்லை ஒலிக்குங்கால் ரகரம் கேளாமையே இவ்வடிவிற்குக் காரணமாதல் கூடும். எனவே இலக்கண மரபும் செவிப்புலனும் கலந்தே இவ்வழக்கை ஆக்கின எனல் பொருந்தும்.

இச்சொற்கள் எழுதப்பட்ட விடைத்தாள்கள் எத்துணைச் சுமை தாங்கின என்பதும் வரலாற்றின் பகுதியே. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில், பேராதனை மருத்துவப் படிப்பிற்கு நான்கு பாடங்களின் மொத்த மதிப்பெண்ணாகச் சிங்களத்தில் எழுதியோர்க்கு 229 போதுமாயிற்று. தமிழில் எழுதியோர்க்கு 250 வேண்டப்பட்டது. எழுதிய மொழியே தகுதியின் எல்லையை மாற்றியது. அந்நிலையிலும் மாணவர் தமிழிலேயே வேதியியல் எழுதி வந்தனர், சொற்கள் நிலைத்தன.

தமிழகத்திலும் 1978 இல் தொடங்கிய மேனிலைப் பள்ளிக் கல்வி வேறொரு வழக்கை நிலைநாட்டியது. ஈழத்தார் மூலகம் என்பதனை இவர் தனிமம் என்பர்; சேர்வையைச் சேர்மம் என்பர்; தாழ்த்தலை ஒடுக்கம் என்பர்; சேதன இரசாயனத்தைக் கரிம வேதியியல் என்பர். பாடத்தின் பெயரே வேறுபட்டது. ஒரு கரையின் பாடநூலை மறுகரை மாணவன் எடுத்தால், பொருள் அறிந்திருந்தும் சொல்லால் இடறுவான். ஈரிடத்தும் வகுப்பறையே சொல்லை நிலைநாட்டிற்று. இரு வகுப்பறைகளும் ஒன்றையொன்று நோக்காமையின் வழக்கு இரண்டாயிற்று.

ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்துக என்பது எம் கருத்தன்று. பல்லாண்டு பயின்ற சொல்லைக் குழுவொன்றின் ஆணை மாற்றவியலாது என்பதே மேற்கண்ட வரலாறு காட்டும் உண்மை. இலங்கையிற் பல்கலைக்கழக அறிவியற் கல்வி இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்தலின், உயர்தர வகுப்பே தமிழ் வேதியியலின் கொடுமுடியாக நிற்கின்றது. ஆகவே அவ்வகுப்பின் பாடநூல், வினாத்தாள், ஆசிரியர் குறிப்பு ஆகியவை தமிழ்மொழி வரலாற்றிற்கு முதன்மைச் சான்றுகளாம். இவை தாள் நைந்து அழியுமுன் தொகுக்கப்படல் வேண்டும். இரு கரைச் சொற்களும் ஆண்டு முறையில் நிரல்படுத்தப்படல் வேண்டும். இப்பணி வேதியியல் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த்துறை ஆய்வு மாணவர் ஏற்கத்தக்க பணியாகும்.