மின்னஞ்சல் காப்பும் அந்தரங்க உரிமையும்: இணையச் சேவை நிறுவனங்களின் வரலாற்றில் ஒரு பார்வை

1.0 முன்னுரை

மடல் எழுதுபவருக்கும் அதனைப் பெறுபவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார். தூதுவர், அஞ்சலோட்டி, தபால்காரர் எனக் காலந்தோறும் அவர் பெயர் மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை. மடலை உரியவரிடம் சேர்ப்பித்த பின்னர் அவர் கையில் எதுவும் எஞ்சுவதில்லை. மின்னஞ்சலின் வருகை இந்நிலையை மாற்றியது. மடலைக் கொண்டு செல்பவரே அதன் படியைத் தம்மிடம் வைத்துக் காப்பவராகவும் ஆனார். இணையச் சேவை நிறுவனம் என்று நாம் இன்று அழைக்கும் அமைப்பு இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்கின்றது.

இம்மாற்றம் தொழில்நுட்பம் சார்ந்த ஒன்றாக மட்டும் நின்றுவிடவில்லை. மடல் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அதன் அந்தரங்கம் எவ்வளவு என்று சட்டம் கணக்கிடத் தொடங்கியது. இக்கணக்கு உருவான சூழலையும், அது பிழைபட்ட விதத்தையும், நம் வட்டாரத்தில் எழுந்த நிகழ்வுகளையும் முன்வைத்து இவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.0 தொடக்கக் காலச் சேமிப்பு

கணினி வலையமைப்பின் வழியாக மடல் அனுப்பும் முறையினை ரே டாம்லின்சன் 1971-இல் ஆர்ப்பாநெட்டில் செய்து காட்டினார். பொதுமக்களுக்கும் வணிகருக்குமான மின்னஞ்சல் சேவைகள் அதன் பின்னரே தோன்றின. 1979-இல் கம்ப்யூசர்வ், 1983-இல் எம்.சி.ஐ. மெயில் ஆகியவை கட்டணச் சேவைகளாக அறிமுகமாயின. அக்காலத்தில் கணினியின் சேமிப்பிடம் விலை மிகுந்தது. ஆகவே, சேவை நிறுவனத்தின் வழங்கியில் மடல் தங்குவது பெறுபவர் அதனை எடுத்துக்கொள்ளும் வரையிலான இடைக்காலத் தங்கலாகவே கருதப்பட்டது.

1984-இல் வரையறுக்கப்பட்ட ‘பாப்’ எனும் நெறிமுறை இக்கருத்தை அடியொற்றியது. பயனர் தம் கணினியிலிருந்து வழங்கியோடு தொடர்பு கொள்வார். மடல்கள் அவர் கணினிக்கு இறங்கும். வழங்கியிலிருந்த படி பொதுவாக அழிக்கப்படும். தபால் நிலையத்தில் வாடகைப் பெட்டி வைத்திருப்பவர் அதனைத் திறந்து மடல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்வதைப் போன்றது இது. 1986-இல் மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘ஐமேப்’ நெறிமுறையோ மடல்களை வழங்கியிலேயே வைத்துக்கொண்டு படிக்க வழிசெய்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அன்று பொறியியலாளரின் விருப்பத் தேர்வாகவே தோன்றியிருக்கக்கூடும். பின்னாளில் நீதிமன்றங்கள் விவாதித்ததும் இவ்வேறுபாட்டையே ஆகும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1985 அக்டோபரில் மின்னணுக் கண்காணிப்பைப் பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. மின்னஞ்சல் பிறர் கைக்குச் சிக்கக்கூடிய ஐந்து கட்டங்களை அவ்வறிக்கை பகுத்துக் காட்டியது. அனுப்புநரின் கணினி, செல்லும் வழி, பெறுநரின் அஞ்சல் பெட்டி, தாளில் அச்சிடப்பட்ட படி, நிர்வாகத் தேவைக்காகச் சேவை நிறுவனம் வைத்திருக்கும் கோப்பு என்பனவே அவை. இவற்றுள் ஐந்தாவது கட்டம் பழைய தபால் முறையில் இல்லாதது என்பது கருதத்தக்கது.

3.0 நூற்றெண்பது நாள் விதி

முத்திரையிட்டு மூடிய மடலைத் தபால் வழியில் திறந்து பார்க்க நீதிமன்றத்தின் சோதனை ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1878-இலேயே தீர்ப்பளித்திருந்தது. எனினும், வங்கிப் பதிவேடுகள் பற்றிய 1976-ஆம் ஆண்டு வழக்கொன்றில் அதே நீதிமன்றம் வேறொரு கோட்பாட்டை வகுத்தது. ஒருவர் தம் தகவலை மூன்றாமவரிடம் தாமே ஒப்படைத்துவிட்டால் அதன்மீது அந்தரங்க உரிமை கோர இயலாது என்பதே அக்கோட்பாடு. மின்னஞ்சலை எப்பக்கம் சேர்ப்பது? சேவை நிறுவனத்தைத் தபால் நிலையமாகக் கொண்டால் முதல் தீர்ப்பும், வங்கியாகக் கொண்டால் இரண்டாம் தீர்ப்பும் பொருந்தும்.

இவ்வையத்தைத் தீர்க்கும் முகமாக 1986 அக்டோபர் 21-ஆம் நாள் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. சேமிக்கப்பட்ட மடல்களுக்கு அதில் தனிப்பகுதி அமைந்தது. சேவை நிறுவனத்திடம் 180 நாட்களோ அதற்குக் குறைவாகவோ இருந்த மடலைப் பெற அரசுக்குச் சோதனை ஆணை தேவை. 180 நாட்களைக் கடந்த மடலுக்கோ, பயனருக்கு அறிவிப்புத் தந்து, எளிதில் பெறத்தக்க அழைப்பாணையே போதுமானது. அவ்வறிவிப்பையும் தள்ளிவைக்கச் சட்டம் இடமளித்தது.

ஆறு மாதம் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கலாம். 1986-ஆம் ஆண்டின் பொருளாதாரத்தை நோக்கினால் அதில் ஒரு நியாயம் இருந்தது. இடம் அருமையாக இருந்த காலத்தில் ஆறு மாதம் எடுத்துச் செல்லப்படாத மடல், உரியவரால் கைவிடப்பட்ட பொருள் என்றே கொள்ளப்பட்டது. சேமிப்பின் விலை என்றென்றும் அவ்வாறே இருக்கும் என்ற எடுகோளைச் சட்டம் தன்னுள் எழுதிக்கொண்டது. பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றிற்கு இவ்வெடுகோளே ஊற்றுக்கண் எனலாம்.

4.0 தங்கிய மடலா, செல்லும் மடலா?

இச்சட்டத்தின் முதற் சோதனைகளுள் ஒன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நிகழ்ந்தது. 1990 மார்ச் 1-ஆம் நாள் அமெரிக்க இரகசியச் சேவைத் துறையினர் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்னும் விளையாட்டுப் பதிப்பகத்தைச் சோதனையிட்டு, அதன் அறிவிப்புப் பலகைக் கணினியைக் கைப்பற்றினர். பயனர்கள் இன்னும் படிக்காத 162 தனி மடல்கள் அதில் இருந்தன. சேமிக்கப்பட்ட மடல்களுக்கான சட்டப்பகுதி மீறப்பட்டது என 1993-இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. ஆயின், இச்செயல் ‘இடைமறிப்பு’ ஆகாது என்று அது கூறியதனை ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் உறுதிசெய்தது. மடல் செல்லும்போது பிடித்தால்தான் இடைமறிப்பு; பெட்டியில் தங்கியபின் எடுத்தால் அது வேறு குற்றம் என்பது இதன் விளைவு. பெறுநரின் நோக்கில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. படிக்குமுன் அவர் மடல் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. சட்டத்தின் நோக்கிலோ, செல்லும் மடலுக்குக் கூடுதல் காப்பும் தங்கிய மடலுக்குக் குறைந்த காப்பும் அமைந்தன.

சேவை நிறுவனம் தன் பொறுப்பை எவ்வாறு உணர்ந்தது என்பதை மற்றொரு வழக்கு காட்டுகிறது. ஓர் உரிமையியல் வழக்கில் எதிர்த்தரப்பின் மின்னஞ்சல்கள் அனைத்தையும் கேட்டு நெட்கேட் என்னும் சேவை நிறுவனத்திற்கு அழைப்பாணை அனுப்பப்பட்டது. அந்நிறுவனம் தன் வாடிக்கையாளரின் 339 மடல்களை எடுத்துக்கொடுத்தது. அவற்றுள் பெரும்பாலானவை வழக்கோடு தொடர்பில்லாதவை. தனிப்பட்ட மடல்களும் வழக்கறிஞருடனான மடல்களும் அவற்றில் அடங்கியிருந்தன. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் திருத்தி வெளியிட்ட தன் தீர்ப்பில், பெறுநர் இறக்கிக்கொண்ட பின்னரும் வழங்கியில் எஞ்சும் படி சட்டத்தின் காப்பிற்கு உரியதே என்று கூறியது. படித்துவிட்ட மடலுக்குக் காப்பு இல்லை என்ற அரசுத் தரப்பின் விளக்கத்தை அது ஏற்கவில்லை.

5.0 நம் வட்டாரம்

மலேசியாவில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் 1992-இலும், டி.எம்.நெட் 1996-இலும் இணையச் சேவையைத் தொடங்கின. சிங்கப்பூரில் 1991-இல் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக டெக்நெட் ஏற்பட்டது. 1994-இல் சிங்நெட் பொதுமக்களுக்கான சேவையைத் தொடங்கியது. அமெரிக்காவில் வழக்காடப்பட்ட வினா, சேவை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இங்கும் வேறு வடிவில் எழுந்தது.

1994-இல் டெக்நெட் பயனர் கணக்குகளில் இருந்த ஏறத்தாழ 80,000 படக்கோப்புகள், ஆபாசப் படங்களைத் தேடும் பொருட்டு அவர்களுக்குத் தெரியாமலேயே ஆராயப்பட்டன. அத்தகையனவாகக் கண்டறியப்பட்டவை ஐந்து மட்டுமே. 1999-இல் சிங்நெட் தன் சந்தாதாரர் ஏறத்தாழ 200,000 பேரின் கணினிகளில் நச்சுநிரல் உள்ளதா என்பதைக் கண்டறிய உள்துறை அமைச்சின் தொழில்நுட்பப் பாதுகாப்புப் பிரிவின் உதவியை நாடியது. சட்டக்கல்வி மாணவி ஒருவரின் பாதுகாப்பு மென்பொருள் இவ்வூடுருவலைக் கண்டுகொண்டதாலேயே செய்தி வெளிவந்தது. சிங்நெட் சந்தாதாரரிடம் மன்னிப்புக் கோரியது.

இவ்விரு நிகழ்வுகளிலும் நோக்கம் தீயது என்று கூறுவதற்கில்லை; இரண்டாவது பயனரின் நலம் கருதியே செய்யப்பட்டது. ஆயினும், அன்றைய விவாதம் நோக்கத்தைப் பற்றியதாக அமையவில்லை. அனுமதி கேட்கப்படாமையே மக்கள் கவலைக்குக் காரணமாயிற்று. நம் பொருளை ஒருவரிடம் வைத்திருப்பது, அதனை அவர் பிரித்துப் பார்க்கலாம் என்பதற்கு இசைவாகுமா என்ற வினா இங்கு முதன்முதலாகப் பரவலாகக் கேட்கப்பட்டது.

மலேசியாவின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998 சட்ட அதிகாரமின்றித் தகவலை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. அதே வேளையில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் இடைமறிப்புக்கு அனுமதி வழங்கவும் அது வகை செய்கிறது. அங்கு நீதிபதி நிற்கும் இடத்தில் இங்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரி நிற்கிறார். 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை.

6.0 அழிக்கத் தேவையில்லாத காலம்

1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், இலவச இணைய அஞ்சலைப் பரவலாக்கியது. எனினும் அதன் இலவசச் சேமிப்பிடம் 2 மெகாபைட் அளவிலேயே இருந்தது. பயனர் மடல்களை அவ்வப்போது அழித்தே ஆகவேண்டும். 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் கூகுள் 1 கிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது அத்தேவை நீங்கியது. ஐந்நூறு மடங்கு இடத்திற்கு ஈடாக, மடலின் சொற்களைக் கணினி ஆராய்ந்து அதற்கேற்ற விளம்பரம் காட்டும் ஏற்பாடும் உடன் வந்தது. அதே மாதத்தில் 31 உரிமை அமைப்புகள் இதனை எதிர்த்துக் கடிதம் எழுதின. விளம்பரத்திற்காக மடல்களை ஆராயும் வழக்கத்தைக் கைவிடுவதாகக் கூகுள் 2017 ஜூனில் அறிவித்தது. பதின்மூன்று ஆண்டுகள் அவ்வழக்கம் நீடித்தது.

இடம் மலிந்ததும் 180 நாள் விதியின் பொருள் தலைகீழாயிற்று. பழைய மடல் கைவிடப்பட்டது என்ற நிலை போய், விரும்பிக் காக்கப்பட்டது என்ற நிலை வந்தது. சட்டமோ அதனைக் கைவிடப்பட்டதாகவே நடத்தியது. ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில் வார்ஷாக் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்கு இன்றியமையாதது. நுவாக்ஸ் என்னும் சேவை நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 27,000 மடல்களை அரசு சோதனை ஆணையின்றிப் பெற்றிருந்தது. அப்பயனர் பாப் முறையையே கையாண்டதாகத் தெரிகிறது. இயல்பாக அம்மடல்கள் வழங்கியிலிருந்து நீங்கியிருக்கும். அரசின் வேண்டுகோளின்பேரில் நிறுவனம் படியெடுத்து வைத்ததாலேயே அவை கிடைத்தன. சேவை நிறுவனம் தபால் நிலையத்திற்கு ஒப்பானது. எனவே எத்தனை நாளானாலும் மடலின் உள்ளடக்கத்திற்குச் சோதனை ஆணை வேண்டும் என நீதிமன்றம் கூறியது. அதிகாரிகள் நடப்பிலிருந்த சட்டத்தை நம்பிச் செயல்பட்டதால் அந்தச் சான்றுகள் விலக்கப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1986-ஆம் ஆண்டு விதியை நீக்கும் மசோதா 2016 ஏப்ரலில் பிரதிநிதிகள் அவையில் 419-க்கு 0 என்ற வாக்குகளில் நிறைவேறியும் மேலவையில் நிறைவேறவில்லை.

ஐரோப்பா எதிர்த்திசையில் சென்று மீண்டது. மாட்ரிட், லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், 2006-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை தொடர்பு விவரங்களைச் சேமிக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. உள்ளடக்கம் இதில் சேராது; யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதே சேமிக்கப்படும். குற்றம் எதுவும் செய்யாதோர் உட்பட அனைவரையும் இது தழுவுவதைச் சுட்டி, ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் அந்நெறியாணையைச் செல்லாததாக்கியது.

7.0 முடிவுரை

இதுவரை கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. மின்னஞ்சலின் அந்தரங்கம் அதில் எழுதப்பட்டதைக் கொண்டு அளக்கப்படவில்லை. அது கிடந்த இடத்தையும் கிடந்த நாட்களையும் கொண்டே அளக்கப்பட்டது. அவ்விடத்தையும் நாட்களையும் முடிவு செய்தவர் எழுதியவரோ பெற்றவரோ அல்லர். சேமிப்பின் விலையும் நிறுவனத்தின் வணிக நோக்கமும் அரசின் தேவையுமே முடிவு செய்தன.

வரலாறும் இலக்கியமும் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்ததால், பதிப்பு வரலாற்றுக்கு அவை இன்று மூலச் சான்றுகளாக உதவுகின்றன. காப்பவர் பெற்றவராகவே இருந்தார். தமிழ் மடலாடற்குழுக்கள் பல இயங்கிய யாகூ குழுமங்களின் பழைய பதிவுகளை அந்நிறுவனம் 2019 இறுதியில் நீக்க முடிவு செய்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. மறைந்த ஓர் அறிஞரின் மடல்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. நாம் மறைய வேண்டும் என்று எண்ணியதை வைத்திருக்கவும், நிலைக்க வேண்டும் என்று எண்ணியதை அழிக்கவும் ஒரே நிறுவனத்திற்கு இயல்கின்றது.

எனவே, அந்தரங்கத்தைக் காப்பதும் ஆவணத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையான நோக்கங்கள் அல்ல. முடிவெடுக்கும் உரிமை மடலுக்கு உரியவரிடம் இருக்க வேண்டும் என்பதையே இரண்டும் வேண்டுகின்றன. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் தம் ஆய்வு மடல்களின் படிகளைத் தம் கணினியில் வைத்துக்கொள்வதும், எவை எப்போது எவருக்குத் திறக்கப்படலாம் என்று எழுதிவைப்பதும், நூலகங்கள் அவற்றை எழுதியவரின் இசைவோடு பெற்றுக் காப்பதும் இன்று செய்யத்தக்க பணிகளாம். பல்கலைக்கழகத் துறைகள் தம் ஓய்வுபெறும் பேராசிரியர்களிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.