பவர் ஸ்டியரிங்: பச்சை ஆயில் சொல்லும் பாடம்

ஒர்க்‌ஷாப்பில் ஹோஸ் மாற்றி, பில்லும் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்த பழைய கார். மிஷன் வீதியில் இடம் தேடிப் பார்க் செய்யும்போதுதான் தெரிகிறது, ஸ்டியரிங் முன்பை விடக் கனமாக இருக்கிறது! கூடவே "ங்ங்..." என்று ஒரு முனகல். உடனே "பம்ப் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். உண்மையில் பம்ப்தான் குற்றவாளியா? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு அதிகம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1934-இல் திட்டத்தைக் கைவிட்டது. 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியலில்தான் அது விற்பனைக்கு வந்தது.

அடுத்த கதை பிரான்சில். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த அதே பிரான்ஸ். மறு ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோன் டி.எஸ். அறிமுகமானது. ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் அழுத்தம்! ஆனால் ஆரம்பகால ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்பாகங்களைத் துருப்பிடிக்க வைத்தது. அதனால் 1966-இல் சிட்ரோன் பச்சை நிறக் கனிம ஆயிலுக்கு மாறியது. பழைய சீல்களுக்குப் புது ஆயில் ஆகாது. புது சீல்களுக்குப் பழைய ஆயில் ஆகாது. மாற்றி ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். மெக்கானிக் குழம்பக்கூடாது என்றுதான் புது முறையின் பாகங்களுக்கும் பச்சை வண்ணம் பூசினார்கள்.

அதாவது, ரிப்பேரின்போதே கோளாறு உண்டாகலாம் என்பதை அந்த நிறுவனம் அன்றே எதிர்பார்த்திருந்தது.

இந்தியாவில் அம்பாசிடரும் பத்மினியும் நெடுங்காலம் கைபலத்தில்தான் திரும்பின. 1991-இன் தாராளமயத்துக்குப் பிறகு வந்த கார்கள்தான் பவர் ஸ்டியரிங்கை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டு வந்தன. அந்தக் கார்கள்தான் இன்று பழைய கார்கள். அவற்றில் ரிப்பேருக்குப் பின் பார்க்க வேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தலாம்:

முதலில் ஆயில். எந்த ஆயில் என்பதைக் காரின் கையேடு சொல்லும். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. அளவு சரியாக இருந்தும் நுரைத்தால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே காற்று போகும்.

காற்றை எடுக்க, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, இன்ஜினை அணைத்தபடியே ஸ்டியரிங்கை இரு பக்கமும் பலமுறை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து மீண்டும் திருப்பலாம். ஆனால் கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடித்தால் பம்ப் சூடாகும்.

அடுத்து பெல்ட். முழுதாகத் திருப்பும்போது கீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். சக்கரங்கள் தரையைத் தொடாதபோதும் ஓரிடத்தில் இறுகிப் பிடித்தால், கோளாறு ஜாயின்ட்டிலோ ராக்கிலோ இருக்கிறது. ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் அலைன்மென்ட். இவை எல்லாம் சரி என்றால்தான் கேஜ் வைத்து பம்பின் அழுத்தத்தை அளக்க வேண்டும். புது பம்ப் வாங்குவது அதற்கும் பிறகுதான்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்சார ஸ்டியரிங், ஆயிலே கிடையாது. புதுச்சேரியை அடுத்த திருபுவனையிலேயே ரானே நிறுவனம் ஸ்டியரிங் பாகங்கள் தயாரிக்கிறது. ஆனாலும் பழைய காரை எடுக்கப் போகிறவர், பில் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "எந்த ஆயில் ஊற்றினீங்க அண்ணே?"