சானடோரியத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சரித்திரக் கட்டுரை ஒண்ணு குறையுது தம்பி, ரெண்டு வாரத்துல எழுதிக் குடுங்க" என்றார் மூத்தவர் ஒருவர். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானோ 2011-ல் வெளியே வந்த மெக்கானிக்கல்காரன். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை. ஆகவே எனக்குக் கொஞ்சம் நெருங்கிப் பழக்கமான வேறொரு சரித்திரத்தை எழுதுகிறேன். அது காசநோயின் சரித்திரம். "மெக்கானிக்கலுக்கும் டி.பி.க்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். சம்பந்தம் இருக்கிறது, நடுவில் சொல்கிறேன்.

ஈரோட்டுப் பக்கத்து நண்பர்களுக்குப் பெருந்துறை சானடோரியம் நன்றாகத் தெரிந்திருக்கும். இன்று அந்த வளாகத்தில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது சானடோரியம்தான். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான் இருந்தது: நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. அதற்காக ஊரைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான வெளியில் கட்டப்பட்டவையே சானடோரியங்கள். நோயாளிக்கு ஓய்வு, ஊருக்குப் பாதுகாப்பு என்று இரண்டு கணக்கு அதில் இருந்தது.

எங்கள் அப்புச்சியின் அண்ணன், சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர், 1950-களில் அங்கே படுத்திருந்தார். பதினாலு மாதம். அந்தக் கதையை அம்முச்சி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். "ஞாயித்துக்கெழமையானா தூக்குப்போசில முட்டையும் பாலும் எடுத்துக்கிட்டு உங்க அப்புச்சி பஸ் ஏறுவாங்க கண்ணு. ரெண்டு எருமைய வித்தாச்சு. அப்புறம் கிணத்து மேட்டுல முக்கா ஏக்கராவும் போச்சு." பெரியப்புச்சி குணமாகித்தான் திரும்பி வந்தார். ஆனால் மில் வேலை போய்விட்டது. வீட்டிலும் அவருக்கென்று ஒரு வட்டில், ஒரு டம்ளர், மாட்டுச் சாளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். சளியில் கிருமி இல்லையென்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் அந்த டம்ளர் தனியாகத்தான் கழுவப்பட்டது. அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தார் மனிதர். டம்ளரும் முப்பது வருஷம் தனியாகவே இருந்தது.

மருந்து வந்தது அப்போதுதான். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அடுத்து பாஸ் என்ற மருந்து, 1952-ல் ஐசோநியாசிட் மாத்திரை. ஐசோநியாசிட் மலிவு, வாயில் போட்டு முழுங்கினால் போதும். ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் படுக்கை கட்டி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்ச் சேர்ந்துவிடும். அப்போது எழுந்ததுதான் அந்தக் கேள்வி: மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு? வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் ஆகாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம் லண்டனோ நியூயார்க்கோ அல்ல, நம் மெட்ராஸ்! 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். (இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.)

அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் 193 பேர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சீட்டுப் போட்டுப் பிரித்தது போல, ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு, மறு பகுதியினர் வீட்டுக்கு. டாக்டரின் இஷ்டத்துக்கோ நோயாளியின் இஷ்டத்துக்கோ இதில் இடமில்லை. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோநியாசிடும் பாஸும், ஒரு வருஷம். நம்மைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இரண்டு மோட்டாரை ஒரே வோல்டேஜில் ஓட்டி, ஒன்றை ஏ.சி. ரூமிலும் ஒன்றைக் கிணற்று மேட்டிலும் வைத்துப் பார்ப்பது.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, நெரிசல், அரைவயிற்றுச் சாப்பாடு. கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கும் போனார்கள், போகாமல் எப்படி? பாஸ் என்பது லேசான மருந்தல்ல. தினம் 10 கிராம், குமட்டிக்கொண்டு வரும். வீட்டில் இருப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவாரா? ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆராய்ச்சியின் உயிரே இந்தத் திடீர் விசிட்டில்தான் இருக்கிறது. இதைப் பிறகு சொல்கிறேன்.

1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த பயம், வீட்டில் இருப்பவர் குழந்தை குட்டிகளுக்கு ஒட்டவைத்துவிடுவாரே என்பது. இரு தரப்புக் குடும்பத்தினரையும் ஐந்து வருஷம் விடாமல் பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை நடந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம் எளிது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து ஆரம்பித்தபின் ஆளைப் பிரித்து வைப்பதில் பெரிய லாபம் இல்லை.

தனி டம்ளருக்கு அன்றைக்கே அஸ்திவாரம் போய்விட்டது. எங்கள் ஊருக்குச் செய்தி வரத்தான் நாளாயிற்று. இந்த முடிவைப் பார்த்தபின் பணக்கார நாடுகளிலும் சானடோரியத்தின் மவுசு வேகமாகக் குறைந்தது. நம் நாட்டில் 1962-ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

இப்போது சம்பந்தத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் ஆண்டில் நான் இரண்டு மாதம் காணாமல் போனது என் பேட்ச்காரர்களுக்கு நினைவிருக்கலாம். 2009 டிசம்பர் லீவில் ஊருக்குப் போனவன், இளைத்துப்போய் பிப்ரவரியில்தான் திரும்பினேன். "மஞ்சக்காமாலைடா" என்றேன். எல்லோரும் நம்பினீர்கள். நம்பாமல் என்ன? சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதை ஹாஸ்டல் பாத்ரூமில் பார்த்தவர்களே இருந்தார்கள். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். எனக்கு வந்தது மஞ்சள்காமாலை இல்லை, டி.பி. சளியில் கிருமி இருந்த டி.பி.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பு நிற அட்டைப்பெட்டி ஒன்றில் என் பெயரை எழுதி அலமாரியில் வைத்தார்கள். ஆறு மாத மருந்தும் அந்த ஒரே பெட்டியில். எனக்கு முடிவதற்குள் மருந்து தீர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. அன்றைய முறைப்படி வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி. "தம்பி, எம் முன்னாலயே முழுங்கோணும்" என்று சிஸ்டர் தண்ணீர் டம்ளரை நீட்டுவார். விட்டு விட்டு வாரத்தில் சில நாள் மட்டும், ஆனால் கண் முன்னால் மருந்து கொடுக்கலாம் என்பதும் அதே சேத்துப்பட்டு மையம் 1960-களின் தொடக்கத்தில் சோதித்துக் காட்டியதுதான். 1990-களில் உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்று பெயர் வைத்து உலகம் பூராவும் கொண்டுபோனதன் வேர் அங்கே இருக்கிறது. அந்தத் தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் இத்தனை கதை இருப்பது அன்று எனக்குத் தெரியாது.

ஹாஸ்டலுக்குத் திரும்பியபின் மருந்தை நகரத்தில் ஒரு மையத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். காலையில் குளித்துவிட்டுக் கிளம்புவேன். எங்கே என்று கேட்டால் கோயிலுக்கு. சந்தேகம் வராமலிருக்க வரும் வழியில் நிஜமாகவே பிள்ளையார் கோயிலில் விபூதி வாங்கி, பொட்டலமாக அறைக்குக் கொண்டுவருவேன். "சாமியார்" என்ற பட்டப்பெயர் வந்த கதை இதுதான். (2017-லிருந்து நாடு முழுக்கத் தினசரி மாத்திரை ஆகிவிட்டது. இன்றைய தம்பிகள் இந்தப் பொய்யைச் சொல்லிச் சமாளிக்க முடியாது!)

வீட்டில் அம்மாதான் ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அம்முச்சி ஒன்றும் சொல்லவில்லை. என் சாப்பாட்டுத் தட்டை எல்லோர் தட்டோடும் சேர்த்து அவரே கழுவினார்.

சரி, சரித்திரத்துக்குத் திரும்புவோம். வீட்டுச் சிகிச்சை ஜெயித்தது என்று எழுதி முடித்துவிட்டால் அது பாதிக் கதை. மெட்ராஸில் 193 பேருக்குப் பின்னால் மருந்தை எண்ணுகிற, கதவைத் தட்டுகிற, வராதவரைத் தேடிப்போகிற ஒரு படை இருந்தது. அதுவே மாவட்டம் மாவட்டமாகப் பரவியபோது மாத்திரை போய்ச் சேர்ந்தது, கதவைத் தட்டுகிறவர் பல இடங்களில் போய்ச் சேரவில்லை. பம்பை வாங்கிவிட்டு ஃபுட் வால்வை மறந்த கதை. அதற்கும் முந்திய ஓட்டை ஒன்றை 1963-ல் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் கர்நாடகத்தின் தும்கூர்ப் பக்கம் கண்டுபிடித்தார்கள். ஜனங்கள் அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விசாரித்தால், காசநோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே அரசு ஆஸ்பத்திரிப் படி ஏறியிருந்தார்கள். இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். ஜனங்கள் மேல் போட்ட பழி யார் மேல் விழ வேண்டியது பாருங்கள்.

இன்னொரு விஷயம் சாப்பாடு. நல்ல உணவு இல்லாமலே கிருமி போகிறது என்று 1959 ஆராய்ச்சி காட்டியது உண்மை. அதை "சாப்பாடு முக்கியமில்லை" என்று பலர் படித்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி கிருமி போகிறதா என்பது. ஆள் பிழைக்கிறாரா, பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வர அறுபது வருஷத்துக்கு மேலானது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியினர், சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் சேர்ந்துகொள்ள, நோயாளி வீடுகளுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. கூடுதல் உணவு கிடைத்த குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. அரிசி பருப்பில்!

அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2022 ஏப்ரலில், தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. மாநிலக் காசநோய்ப் பிரிவும், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது. நல்ல மருந்து இருந்தும் நோயாளிகள் சிலர் இறக்கிறார்கள், அதிலும் பலர் முதல் இரண்டு மாதத்துக்குள். யார் அவர்கள் என்று முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே பார்க்கக்கூடிய ஐந்து விஷயங்கள்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்கிறாரா. அபாயக் கோட்டைத் தாண்டியவர் உடனே உள்நோயாளி. தேறியதும் வீட்டுக்கு. ஆரம்பகால இறப்புகள் பல மாவட்டங்களில் குறைந்தன. 2025-ல் ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் விவரங்களை வைத்து, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணித்துச் சொல்லும் முறையையும் இதற்கான கம்ப்யூட்டர் செயலியில் சேர்த்துவிட்டார்கள். நம் கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிகள் கவனிக்க!

எல்லோருக்கும் படுக்கை என்று ஆரம்பித்து, யாருக்கும் வேண்டாம் என்று போய், இப்போது யாருக்கு வேண்டும் என்று பார்க்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. மூன்று கட்டமும் நம் மாநிலத்தின் சாதாரண அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளோடு நடந்தவை. இதில் எனக்குப் பெருமைதான்.

கட்டுரைக்காகப் பழைய சிகிச்சை அட்டையைத் தேடி எடுத்தேன். முதல் நாள் எடை 46 கிலோ. என் உயரம் 172 சென்டிமீட்டர். கால்குலேட்டரைத் தட்டினால் 15.5 வருகிறது. இந்தத் திட்டத்தின் கணக்கில் 14-லிருந்து 16-க்குள் இருந்து காலிலும் வீக்கம் இருந்தால் அட்மிஷன். எனக்குக் கால் வீங்கியிருந்ததா? நினைவில்லை. அட்டையிலும் அதற்குக் கட்டம் இல்லை.

அதைவிட உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. தொற்ற வேண்டியது மருந்துக்கு முன்பே தொற்றுகிறது என்று மேலே எழுதினேன் அல்லவா? 2009 அக்டோபர், நவம்பரில் இருமிக்கொண்டே நான் படுத்திருந்தது ஹாஸ்டல் அறையில், இரண்டு பேருக்கு நடுவில். அவர்களிடம் சொல்லியிருந்தால் போய் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டிருப்பார்கள். நான் விபூதிப் பொட்டலம் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவுக்கு அனுப்புமுன் இருவருக்கும் போன் செய்து சொன்னேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவன், இப்போது ஓசூரில் இருப்பவன், வாயில் வந்தபடி திட்டினான். பதினைந்து வருஷக் கணக்கும் சேர்த்துத் திட்டினான், வாங்கிக்கொண்டேன். இன்னொருவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, அவன் தம்பிக்கு 2014-ல் இதே நோய் வந்ததையும், அதை அவர்கள் வீட்டில் நிமோனியா என்று சொல்லி மறைத்ததையும் சொன்னான். "உன்கிட்ட கேட்டிருந்தா மாத்திரை சாப்பிட்டா வாந்தி வருதே, என்ன பண்றதுன்னாவது தெரிஞ்சிருக்கும்டா" என்றான்.