மூக்கினுட் புகுந்த ஒளி

நாசியறைகளுக்கு மேலே மூளையும் பக்கத்தே கண்ணும் அமைந்துள்ளன. ஆங்குத் தோன்றும் புற்றுநோயை அகற்ற நெடுங்காலம் முகத்தைக் கீறவேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் மூர் விளக்கிய முறையில் மூக்கின் ஓரம் பிளக்கப்பட்டது; 1963இல் அமெரிக்க வைத்தியர் கெச்சமும் அவர்தம் துணைவரும் மண்டையோட்டையும் உடன்திறந்து சத்திரசிகிச்சை செய்தமையை வெளியிட்டனர். உயிர் பிழைத்தோரும் முகத்தில் தழும்பைச் சுமந்தே வாழ்ந்தனர்.

உள்ளே ஒளி செல்ல வழியின்மையே இதற்குப் பெருங் காரணம். 1954இல் இலண்டனில் ஒளியியலறிஞர் ஹரல்ட் ஹொப்கின்சும், பஞ்சாபின் மோகாவிற் பிறந்த அவர்தம் மாணவர் நரிந்தர் சிங் கபானியும், கண்ணாடியிழைக் கற்றையினூடே உருவத்தைச் செலுத்திக் காட்டினர். (கபானியின் பெயரை நம்மவருள் அறிந்தோர் சிலரே.) பின்னர் ஹொப்கின்ஸ் கண்ணாடிக் கோல்களை வில்லைகளாக அமைத்தார். மூக்கின் அகநோக்கியில் இழைகள் ஒளியை உட்செலுத்த, கோல்கள் காட்சியை வெளிக்கொணர்கின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர் வைத்தியர் மெஸ்ஸர்கிளிங்கர் இதனாற் கண்டவற்றை 1978இல் நூலாக்கினார். அழற்சி நோய்க்கே இக்கருவி முதலிற் பெரிதும் பயன்பட்டது.

புற்றுநோய்க்கும் அதனைக் கையாளப் புகுந்தபோது எதிர்ப்பு எழுந்தது. கட்டியைத் துண்டுதுண்டாக எடுப்பின் நோய் எஞ்சாதோ? இவ்வையம் நியாயமானதே. எனினும், கட்டி எவ்வடிவில் வெளியேறியது என்பதனினும், அது வேரூன்றிய இடம் நோயற்ற இழையம் காணுமளவும் அகற்றப்பட்டதா என்பதே முதன்மையானதென நாளடைவில் உணரப்பட்டது. முகத்தோலை நோய் பற்றியவிடத்து இன்றும் பழைய கீறலே வேண்டப்படுகின்றது.