தூண்டிலின் எழுவாய் யார்? இரை, பொய்யிரை, காவிரி மீன் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் மல்லேஸ்வரம் எட்டாம் குறுக்குத் தெருச் சந்தையில் அரைக் கிலோ கேழ்வரகு மாவு வாங்கி வந்தேன். உண்பதற்காக அன்று. காவிரியில் மஹசீர் மீனுக்குத் தூண்டிலிட்டவர்கள் கேழ்வரகு உருண்டையையே இரையாகக் கோத்தனர் என்று பலமுறை படித்திருக்கிறேன். ஓடும் ஆற்றில் மாவுருண்டை எவ்வாறு கரையாமல் நிற்கும் என்ற ஐயம் மட்டும் தீரவில்லை. பச்சை மாவைப் பிசைந்து உருட்டி வாளி நீரில் இட்டேன். சிறிது நேரத்தில் அது பிரிந்து அடியில் வண்டலாய்ப் படிந்தது. அடுத்து, களி கிண்டி, ஆறிய பின் உருட்டி இட்டேன். அது நின்றது. கோதுமையில் உள்ள பசைப்புரதம் கேழ்வரகில் இல்லை; ஆகவே பச்சை மாவுக்குப் பிடிப்பில்லை. வெந்நீரில் வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழ்மமாகி, ஆறியதும் இறுகுகிறது. களி கிண்டத் தெரிந்த எவருக்கும் இது புதிதன்று. தூண்டில் விளையாட்டின் பெருமை பேசும் நூல்களில் ‘கேழ்வரகு உருண்டை’ என்ற சொல் வருகிறது. அதைக் கிண்டிய கை வருவதில்லை. இப்பதிவு அந்தக் கையைப் பற்றியது.

1. சொல்

மொழியியல் பயின்றவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கன்னடத்தில் தூண்டில் முள்ளுக்குக் ‘காள’ என்று பெயர், தெலுங்கில் ‘காலமு’. இரண்டும் ஓரினச் சொற்கள். வடமொழியில் ‘படிசம்’. தமிழோ ‘தூண்டில்’ என்கிறது. ‘தூண்டு’ என்னும் வினையோடு வைத்துப் பார்த்தால், கருவியின் வடிவத்தை விட்டு, அது மீனிடத்தில் எழுப்பும் செயலைச் சுட்டும் பெயராக இது தோன்றுகிறது. 

‘இரை’ என்ற சொல் இன்னும் சுவையானது. முள்ளில் கோப்பதும் இரை. வேட்டைவிலங்கின் வாயில் அகப்படுவதும் இரை. ஆங்கிலம் இவற்றுக்கு வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. தமிழில் மீன் இரையைப் பற்றும் கணத்தில் தானே இரையாகிறது. ஆயினும் மரத்திலோ தகட்டிலோ செய்த போலி மீனுக்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லை. கடைகளில் ‘லூர்’ என்றே வழங்குகிறது. இப்பதிவில் அதனைப் ‘பொய்யிரை’ என்கிறேன்.

2. மூன்று நூல்கள், மூன்று எழுவாய்கள்

முதலாவது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டில், பாண்மகன் ஒருவனின் தூண்டிற் காட்சி வருகிறது. நெடிய மூங்கிற்கோல், அதிற் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், அதனைப் பொதிந்து மறைத்த இரை என்று உறுப்புகள் யாவும் உள்ளன. ஆனால் அங்கே மீன் பிடிபடவில்லை. வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. பின்பு நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும், தூண்டிலோ என்று அஞ்சுகிறது. அங்கே அஞ்சும் வினைக்கு எழுவாய் வாளைதான். ஒருமுறை ஏமாந்த மீன் கற்றுக்கொள்ளும் என்பது இக்காலத் தூண்டிலர் பலர் ஒப்பும் செய்தி. 

இரண்டாவது, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் வழங்கும் மானசோல்லாசம். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த வடமொழி நூல். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 இயல்கள். நான்காம் பகுதியில் அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக ‘மத்ஸ்யவினோதம்’ இடம்பெறுகிறது. மீன்களைக் கடல்மீன், ஆற்றுமீன் என்றும், செதிலுள்ளவை, செதிலற்றவை என்றும், அளவு கொண்டும் அது பிரிக்கிறது. எந்த மீனுக்கு எந்த உருண்டை, கயிற்றை எவ்வாறு முறுக்குவது, கோல் எப்படி இருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து உணவிட்டு மீனை எவ்வாறு பழக்குவது என்றெல்லாம் பேசுகிறது. மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1951இல் இவ்வியலை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையே நவீன வாசகர்க்கு இதனை அறிமுகம் செய்தது. இங்கே எழுவாய் அரசன். ஆனால் மாவு பிசைந்தும் நார் முறுக்கியும் தந்தவர் எவர்? அரசன் அன்று என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. 

மூன்றாவது, ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் தென்கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அவர். நூல் 1873இல் மங்களூரில் அச்சாயிற்று. 1881, 1897 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வந்தன. 1887இல் குளத்து மீன்களுக்கெனத் தனி நூலும் எழுதினார். மஹசீரின் தாடை வலிமையால் முள்ளே நசுங்கிவிடும். ஆகவே தடித்த, வலுவான முள் வேண்டும் என்பது அவர் தரும் முதன்மையான அறிவுரைகளுள் ஒன்று. இங்கே எழுவாய் அதிகாரி.

மீன், அரசன், அதிகாரி. பாண்மகனேனும் முதல் நூலில் பெயரடை பெற்று நிற்கிறான். பின்னிரு நூல்களின் வாக்கியங்களில் இரை செய்தவன் மறைந்து, இரை மட்டுமே எஞ்சுகிறது. 

3. வீட்டுப் பட்டறையில் பிறந்த பொய்யிரை

உலக வரலாற்றிலும் பொய்யிரை பெரும்பாலும் தொழிற்சாலையில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜூலியோ புவெல், ஏரியில் கைதவறி விழுந்த கரண்டியை மீன் தாக்கக் கண்டார் என்பது கதை. அவர் 1852இல் கரண்டிவடிவப் பொய்யிரைக்குக் காப்புரிமை பெற்றார் என்பது சான்றுள்ள செய்தி. மிச்சிகனின் ஜேம்ஸ் ஹெடன் 1890களில் மரத்தில் தவளை செதுக்கினார்; ‘பாஸ்’ மீன் பிடிக்கும் அமெரிக்க விளையாட்டின் பெருவணிகம் அத்தகைய மரத்துண்டுகளிலிருந்தே கிளைத்தது. பின்லாந்தின் லவுரி ராபலா 1936இல் செருப்புத் தைக்கும் கத்தியாலும் உப்புத்தாளாலும் தக்கையைச் சீவி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். கூட்டத்தில் நலமாய் நீந்தும் மீனை விட்டு, காயம்பட்டுத் தள்ளாடும் மீனையே பெருமீன் தாக்குகிறது என்பதை அவர் கண்டிருந்தார். எனவே போலி செய்ய வேண்டியது மீனின் உருவத்தை அன்று, தள்ளாட்டத்தை. பொய்யிரையின் முகப்பில் உள்ள சிறு தகடு நீரின் தடையை வாங்கி உடலை இருபுறமும் ஆட்டுவது இதற்காகவே.

மேட்டூருக்கு அருகில் வசிக்கும் என் தாய்மாமாவிடம் ஹெடனின் மரத்தவளையைப் படத்தில் காட்டினேன். அவர் இளமையில் தவளையை முள்ளில் கோத்து விரால் பிடித்தவர். படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“தவளை கெடைக்காத நாள்ல நாங்க பச்சத் துணியச் சுருட்டி முள்ளுல கட்டுவோம் கண்ணு. குஞ்சோட நிக்கற வெராலுக்குப் பசி வேண்டியதில்ல, கோவம் வந்தாப் போதும்.”

விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் மீன். நெருங்குவது எதுவாயினும் தாக்கும். அமெரிக்கப் பாஸ் ஆணும் கூட்டைக் காக்கும் காலத்தில் அவ்வாறே தாக்கும். சற்று நேரம் கழித்து மாமாவே மறுபாதியையும் சொன்னார்: “ஆனா அதப் புடிச்சுட்டா அந்தக் குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்குத் தீனிதான். அதனால பெறகு விட்டுட்டோம்.” பொய்யிரை செய்யும் அறிவும், அதனை எப்போது நீரில் இடலாகாது என்னும் அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தன.

4. கோல், இழை, முள்

தூண்டிற் கருவிகளைத் தேர்வது ஒரு தொடரின் மிக நலிந்த கண்ணியைக் கணிப்பது. கோல் விறைப்பாகவும் இழை மெல்லியதாகவும் இருந்தால் இழை அறும். இழை வலுத்து முள் மெலிந்தால் முள் நிமிரும். மஹசீரின் முதல் ஓட்டமே மிக வலியது. அதற்கு நீளமான இழை வேண்டும். விரால் பாசிக்குள் புகுந்துவிடும். அதற்கு நீள இழை பயனற்றது, உடனே இழுத்துத் தூக்கும் வலுவான கோலே வேண்டும். 

இக்கருவிகளின் பின்னும் அறியப்படாத கைகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கோல்களுக்கு மேலைநாட்டார் ‘கல்கத்தா மூங்கிலை’ வாங்கினர். பின்னர்தான் தென்சீனத்து டாங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. முள்ளை ஒட்டிய நுனியிழை, பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து உலர்த்திச் செய்யப்பட்டது. ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பேர்போனது. 1935இல் நைலான் உருவாகி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அத்தொழிலை ஏறத்தாழ அழித்தது. அந்த நைலான் இழையைத்தான் நம் கரையோர மீனவர் ‘தங்கூசி’ என்கின்றனர்.

5. எழுவாய் இல்லாமற்போகும் மீன்

1946இல் மைசூர் வான் இஞ்ஜென் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இஞ்ஜென் கபினியில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மஹசீரைப் பிடித்தார். திமிலுள்ள அந்தக் காவிரி மஹசீருக்கு அப்போது உறுதியான அறிவியற்பெயர் இல்லை. பிற்காலத்தில் காவிரிக் கரை முகாம்களில் பிடித்து விடும் தூண்டில் விளையாட்டு நடந்தது. லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகள் நன்னோக்குடன் இந்த ஆற்றிலும் விடப்பட்டன.

1998 முதல் 2012 வரையிலான முகாம்ப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை கசப்பான உண்மையைக் காட்டியது. பிடிபட்ட மஹசீர்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியவை வந்தேறிய நீலத்துடுப்பு மீன்கள். திமில் மஹசீர் அருகிக்கொண்டே வந்திருந்தது. 2018இல், மோயாற்றில் கிடைத்த மாதிரிகளின் துணையோடு, அது ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமே என்று நிறுவப்பட்டது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்ந்தது. பெயர் உறுதியான ஆண்டும் ஆபத்து உறுதியான ஆண்டும் ஒன்றே.

காட்டுயிர்ச் சட்டத்தின்படி சரணாலயப் பகுதியில் தூண்டில் விளையாட்டு நின்றபோது பதிவேடும் நின்றது. முள்ளில் மாட்டுவது வேட்டையே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. விளையாட்டுக்காக ஓர் உயிரை வருத்துவதை நான் போற்றவில்லை. ஆயினும் அம்மீன் குறைந்ததற்கான சான்று அந்தத் தூண்டில்களிலிருந்தே கிடைத்தது என்பதையும் மறுக்கவியலாது. அச்சான்றின் அடியில் பரிசல் ஓட்டிய, இடம் காட்டிய, கேழ்வரகு கிண்டிய உள்ளூர் மக்களின் உழைப்பு உள்ளது. கட்டுரைகளின் தரவு அவர்களால் சாத்தியமானது. எந்த மடுவில் எந்த மஹசீர் எப்போது இருந்தது என்று நாம் அவர்களிடம் முன்பே முறையாகக் கேட்டிருந்தால், எச்சரிக்கை முன்னரே வந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

6. ஒரு வேண்டுகோள்

தக்கை, நெட்டி, ஈயக்குண்டு, நாங்கூழ், தங்கூசி எனத் தூண்டிற் தொழிற்சொற்களை ஊர்வாரியாகத் தொகுத்து வருகிறேன். உங்கள் ஊரில் எந்த மீனுக்கு எந்த இரை? அது வெந்ததா, பச்சையா? மிதப்புக்குச் சோளத்தட்டையா, மயிலிறகுக் காம்பா? எந்த மாதத்தில், எந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடையே எனக்கு மிகவும் தேவை. களப்பணி செய்யும் மாணவ நண்பர்கள் வினாநிரலில் இதனையும் சேர்த்துக்கொண்டால் மகிழ்வேன். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள். இம்முறையேனும் வாக்கியத்துக்கு எழுவாய் இருக்கட்டும்.