வெயில் தந்த சொரசொரப்பு... வெளிச்சமே மருந்து! - 'போட்டோடைனமிக் தெரபி' பற்றித் தெரிஞ்சுக்கலாமா?

நெற்றியில் சின்னதா ஒரு திட்டு. கண்ணாடியில் பார்த்தா பெருசா எதுவும் தெரியாது. விரலால் தடவினாதான் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி சொரசொரன்னு இருக்கும். பிய்ச்சு எடுத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துக்கும்.

இதன் பெயர் 'ஆக்டினிக் கெரடோசிஸ்'. ஆஸ்திரேலியாவில் நடுத்தர வயதைத் தாண்டிய வெள்ளைச் சருமக்காரர்களிடம் இது சர்வசாதாரணம். அங்கே 'சன்ஸ்பாட்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். ஆனால், செல்லம் கொடுக்கக் கூடாத விஷயம் இது. காரணம், இந்தத் திட்டுகளில் ஒரு சிறு பங்கு 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்ற சருமப் புற்றுநோயாக மாறலாம். எந்தத் திட்டு மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் சிகிச்சை!

ஏன் வருது?

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் சரும செல்களின் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்துகின்றன. ஒருநாள் வெயிலில் வருவதில்லை இது. 20, 30 வருஷமா சேர்ந்த கணக்கு. நெற்றி, மூக்கு, காது மடல், வழுக்கைத் தலை, புறங்கை என வெயில் நேரடியாகப் படும் இடங்களில்தான் அதிகம் வரும்.

ஒன்றிரண்டு திட்டுகள் என்றால், மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்த்துவிடுவார்கள். முகம் முழுக்கப் பரவியிருந்தா? அப்போதுதான் 'போட்டோடைனமிக் தெரபி' எனும் ஒளி சிகிச்சை கைகொடுக்கிறது.

வெளிச்சம் எப்படி மருந்தாகுது?

வெறும் வெளிச்சம் மட்டும் இதைச் செய்யாது. மருந்து, வெளிச்சம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர வேண்டும்.

முதலில் அமினோலெவுலினிக் அமிலம் அல்லது அதன் சகோதர மருந்து கலந்த கிரீமைத் தடவுவார்கள். சரும செல்கள் அதை 'புரோட்டோபோர்ஃபிரின்' என்ற பொருளாக மாற்றும். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' தயாராகும் வழியில், நம் உடம்பிலேயே உருவாகும் பொருள்தான் இது. பாதிக்கப்பட்ட செல்களில் இது அதிகமாகத் தேங்கும். அதன்மீது குறிப்பிட்ட நீல அல்லது சிவப்பு ஒளி பட்டதும், வீரியமுள்ள ஆக்ஸிஜன் வடிவங்கள் உருவாகி அந்த செல்லை அழிக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் பெருமளவு தப்பிக்கும். இந்த ஒளியில் புற ஊதாக் கதிர்கள் இல்லை என்பதால் 'மறுபடியும் வெயில் அடிச்ச மாதிரி ஆகிடுமோ' என்ற பயம் வேண்டாம்.

இந்த யோசனைக்கு 100 வயசுக்கு மேல! 1900-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிரிகள் வெளிச்சம் பட்டதும் இறந்துபோவதைப் பதிவுசெய்து வெளியிட்டார். அதுதான் ஆரம்பப்புள்ளி. அமெரிக்காவில் ஆக்டினிக் கெரடோசிஸுக்கு இந்த சிகிச்சை அங்கீகாரம் பெற்றது 1999-ல்.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

திட்டின் மேல் செதிலை மெதுவாகச் சுரண்டி, கிரீம் தடவி மூடிவைப்பார்கள். சிவப்பு ஒளி முறையில் சுமார் 3 மணி நேரக் காத்திருப்பு. பிறகு, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, சில நிமிடங்கள் ஒளி பாய்ச்சுவார்கள்.

வலிக்குமா? உண்மையைச் சொல்லிடுவோம்... எரியும். சிலருக்கு நல்லாவே எரியும். மின்விசிறி, குளிர்ந்த நீர் ஸ்பிரே, நடுவில் சின்ன இடைவேளை என்று சமாளிப்பார்கள். அதன்பின் சில நாள்கள் சிவந்து, வீங்கி, பொருக்குத் தட்டி உதிரும். தழும்பு விழுவது அபூர்வம் என்பதுதான் இதன் பெரிய பிளஸ். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படலாம்.

வெயிலே சிகிச்சை!

இன்னொரு முறையும் இருக்கு. சன் ஸ்கிரீன் தடவி, அதன்மேல் மருந்து கிரீம் பூசி, அரை மணி நேரத்துக்குள் வெளியே போய் 2 மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! சன் ஸ்கிரீன் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் வேலை செய்யும். மேகமூட்டமான நாளிலும் பலன் கிடைக்கும். மருந்து உருவாக உருவாக உடனுக்குடன் செலவாகிவிடுவதால் எரிச்சல் மிகக் குறைவு. கெடுத்ததும் சூரியன், சரிசெய்வதும் சூரியன். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். ஆனால், வீட்டில் நாமாகச் செய்து பார்க்கும் வேலை இல்லை இது; மருத்துவர் சொல்லித்தான் செய்யணும்.

கவனிக்க வேண்டியவை

* சிகிச்சைக்குப் பின் சுமார் 48 மணி நேரம் வெயிலும் பளீர் விளக்குகளும் கூடாது. சன் ஸ்கிரீன் மட்டும் இங்கே போதாது. தொப்பி, துணியால் மறைக்க வேண்டும்.
* 'போர்ஃபிரியா' நோய் இருப்பவர்களுக்கு இந்த சிகிச்சை ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.
* திட்டு வேகமாகத் தடித்தாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஆறாமல் புண்ணாக நின்றாலோ முதலில் பயாப்ஸிதான். ஆழமாகப் பரவிய புற்றுநோய்க்கு இந்த ஒளி போதாது.

நமக்கு இது தேவையா?

நம் சருமத்தின் மெலனின் இயற்கையான குடை. அதனால் நம்மிடம் ஆக்டினிக் கெரடோசிஸ் குறைவு. உங்கள் கன்னத்தில் இருப்பது பெரும்பாலும் மங்கு அல்லது பரு விட்டுச்சென்ற கறுப்பாகவே இருக்கும். அதற்கு இந்த சிகிச்சை மருந்தல்ல. சருமம் புண்ணாகி ஆறும்போது நமக்குக் கருமை இன்னும் கூடவும் வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் விற்கும் எல்.இ.டி முகமூடியும் இதுவும் ஒன்றல்ல. அதில் மருந்தே கிடையாதே!

ஆனால், பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களின் நெற்றியையும் காது மடலையும் அவ்வப்போது கவனியுங்கள். அந்தச் சொரசொரப்பு கண்ணில் படுவதற்கு முன் விரலில் பட்டுவிடும். பட்டால், பிய்க்காதீங்க, சரும மருத்துவரிடம் காட்டுங்க!